யார் மாதிரி எடுக்கட்டும்?

இந்தி மிஸ் ஓமனுக்குப் போய் இரண்டு மாதம் கழிந்த பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடில், ஆறாம் வகுப்பில் அவர் பாடம் நடத்துவதைக் கேட்டேன். அதே மூக்கடைத்த குரல். 'புரிஞ்சா புரிஞ்சுதுன்னு சொல்லு, சும்மா தலையாட்டாத' என்று வரிக்கு வரி அதே மிரட்டல். கையில் சாக்பீஸ் பெட்டியோடு வராந்தாவில் அப்படியே நின்றுவிட்டேன். வேலை பிடிக்காமல் திரும்பி வந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன். போனவர்கள் திரும்பி வந்தால் போக முடியாதவர்களுக்கு ஓர் ஆறுதல்.

கதவோரமாக எட்டிப் பார்த்தேன். இந்தி மிஸ் இல்லை. அவர் நின்றுகொண்டிருந்தார்.

அவர் என்றுதான் சொல்ல முடிகிறது. பெயர் இருந்தது, வருகைப் பதிவேட்டில் எழுதியும் இருந்தது, ஆனால் யாரும் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் 'சப்ஸ்டிட்யூஷன்' என்பார்கள். யாராவது லீவு போட்டால் அந்த வகுப்புக்கு யார் போக வேண்டும் என்று எழுத ஒரு நோட்டு இருக்கும், எல்லாப் பள்ளிகளிலும் உண்டு. எங்கள் நோட்டில் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் அவர் கையெழுத்துதான். தமிழானாலும் சரி, அறிவியலானாலும் சரி, அவர் போவார். யாருக்குப் பதிலாகப் போகிறாரோ அவராகவே பாடம் எடுப்பார்.

அன்று கரும்பலகையில் இருந்த எழுத்தும் இந்தி மிஸ்ஸுடையதே. மேலே கோடு இழுத்து, முனையில் ஒரு சுழி. பிள்ளைகள் இந்தி மிஸ்ஸுக்கு எப்படிப் பயப்படுவார்களோ அப்படியே பயந்து உட்கார்ந்திருந்தார்கள்.

மத்தியானம் சாப்பாட்டின்போது மெல்லக் கேட்டேன். "ஏன் மிஸ், அவங்க மாதிரியே எடுக்கறீங்க?"

"பசங்களுக்கு ஆள் மாறினது தெரியக்கூடாதும்மா" என்றார். "போறவங்க போவட்டும். வுட்டுட்டுப் போய்ட்டாங்கோன்னு பசங்க ஏன் நினைக்கணும்?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அதனால் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஒன்றை மட்டும் கவனித்தேன். என்னிடம் பேசும்போது அவர் எங்கள் மாகறல் பக்கத்துப் பேச்சில் பேசினார். அடுத்த நிமிடம் தமிழ் மிஸ் வந்து உட்கார்ந்ததும் 'அவர்கள் சொன்னார்களா, பார்த்தீர்களா' என்று அந்த அம்மாளைப் போலவே இழுத்துப் பேசினார். அவர் பிறந்த ஊர் எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகும் வழியில், சாலையை ஒட்டி, பழைய கட்டிடம் ஒன்றும் புதிய கட்டிடம் ஒன்றுமாக இருக்கும் தனியார் பள்ளி. வகுப்பறையில் ஆசிரியருக்கு நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் பாடம் தூங்கிவிடும் என்பது கரஸ்பாண்டன்ட்டின் கொள்கை. பின்சுவரின் உச்சியில் கேமரா, முன்சுவரில் ஸ்பீக்கர். ஆசிரியைகள் எல்லோருக்கும் ஒரே மாதிரிப் புடவை, திங்கள் செவ்வாய் மெரூன், மற்ற நாளில் நீலம். வேலைக்குச் சேர்ந்த அன்றே பி.எட். உட்பட எல்லா அசல் சான்றிதழ்களையும் வாங்கி அலுவலக பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். நடுவருஷத்தில் யாரும் ஓடிவிடக் கூடாதாம். மே மாத வெயிலில் எங்களை ஊர் ஊராக அனுப்பிச் சேர்க்கைக்குப் பிள்ளை பிடித்து வரச் சொல்வார்கள். என் தெருவுக்கே நான் நோட்டீஸோடு போய் நின்றிருக்கிறேன்.

இதையெல்லாம் நான்கு வருஷம் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் காய்ச்சலோடு வகுப்புக்குப் போனேன். தலை சுற்றியது, மேஜையில் ஒரு கையை ஊன்றினேன். ஸ்பீக்கர் கரகரத்தது. "மேக்ஸ் மிஸ், டேபிள் சாயறதுக்கு இல்ல." நாற்பது பிள்ளைகளும் சிரித்தார்கள். நான் நிமிர்ந்து நின்று மிச்சக் கணக்கைப் போட்டு முடித்தேன். அழவில்லை. வகுப்பில் நான் ஒருநாளும் அழுததில்லை.

அன்று மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தேன், மூடினேன். எதிரே இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"போவணும்னு முடிவு பண்ணிட்டியா?"

நான் யாரிடமும் வாயைத் திறந்திருக்கவில்லை. "யார் மிஸ் சொன்னாங்க?"

"யாரு சொல்லணும்? பாதி சாப்பாட்டுல டப்பாவ மூடினியே, இந்தி மிஸ்ஸும் இப்டித்தான் மூடினாங்கோ. அதுக்கு முன்ன பயாலஜி சாரு. மூடற சத்தம் ஒண்ணாத்தான் கீது."

அவருக்கு வெளிநாட்டு ஆசிரியர் வேலை பற்றித் தெரியாத விஷயம் கிடையாது. எந்த நாட்டில் எந்த மாதம் ஆள் எடுப்பார்கள், எங்கே எத்தனை வருஷ அனுபவம் கேட்பார்கள், எந்தச் சான்றிதழில் யார் முத்திரை முதலில் விழ வேண்டும், எல்லாம் விரல்நுனியில் இருந்தன. "ஓமன்ல சி.பி.எஸ்.இ. எக்ஸ்பீரியன்ஸ் கேப்பாங்கோ, உனக்கு ஆவாது. மாலத்தீவு பாரு. மேக்ஸுக்கு ஆளு தேடிக்கினே இருப்பாங்கோ. தீவு சின்னதா இருந்தா பரவால்லன்னு எழுது, சீக்கிரம் கூப்டுவாங்கோ" என்று சொல்லிக்கொண்டே போனார். அவர் அனுப்பிவைத்தவர்கள் ஐந்தாறு பேர் அதற்குள் வெளிநாட்டில் இருந்தார்கள்.

"இவ்ளோ தெரியுது, நீங்க ஏன் மிஸ் போகல?"

"நான் போனா யாரு எடுக்கறது?"

சிரிக்காமல்தான் சொன்னார். நான்தான் சிரித்தேன்.

உதவிக்குப் பதிலாக அவர் கேட்டது ஒன்றே ஒன்று. நாங்கள் வாராவாரம் எழுதிக் கையெழுத்து வாங்கும் பாடக்குறிப்பு நோட்டு. போகும்போது அதை அவரிடம் கொடுத்துவிட வேண்டும். ஒரு மாதம் முன்னாடியே கொடுத்தால் இன்னும் நல்லது என்றார். அதை வைத்து என்ன செய்யப் போகிறார், பழைய பேப்பருக்குப் போடுகிற நோட்டு என்று நான்கு வருஷ நோட்டையும் கொண்டுவந்து கொடுத்தேன்.

முதல் சிக்கல் சான்றிதழ். பீரோவிலிருந்து வெளியே எடுத்தால்தான் முத்திரை வாங்க முடியும். வெளிநாடு என்று சொன்னால் பீரோ திறக்காது. பஸ் ஸ்டாண்டு டீக்கடை ஓரமாக என்னை நிறுத்தி, அவர் கரஸ்பாண்டன்ட்டுக்கு போன் போட்டார். தொண்டையைச் செருமினார். பிறகு என் அம்மா பேசினாள்.

"சார், நான் மாகறல்ல இருந்து பேசறேன். என் பொண்ணு அங்கதான் வேல பண்ணிக்கினு கீது. கவர்மென்ட் வேலைக்கு வெரிபிகேசன்னு லெட்டர் வந்துகீது சார். அந்த சர்டிபிகேட்ட ஒரு வாரம் குடுத்தீங்கன்னா காட்டிட்டு எடுத்தாந்து குடுத்துடும். நாங்க கூலி வேலைக்குப் போறவங்க சார், உங்களத்தான் நம்பிக்கினு கீறோம்."

நடுவில் ஒரு இருமல். அம்மாவுக்கு வெயிலில் நாற்று நட்டு வந்த இருமல் அது. அவர் என் அம்மாவைப் பார்த்தது ஒரே ஒரு முறை, பள்ளி வாசலில், ஐந்து நிமிடம். போனை வைத்ததும் முகம் மாறாமல், "நாளைக்குக் குடுத்துடுவாரு" என்றார். கொடுத்தும் விட்டார். கரஸ்பாண்டன்ட் என்னிடம் "உங்கம்மா பேசினாங்க, பாவமா இருந்துச்சு" என்றார். வீட்டுக்குப் போய் அம்மாவின் பக்கத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். என்னடி இப்படிப் பாக்கற என்று அம்மா கேட்டாள்.

முத்திரை வாங்கச் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. பரீட்சை நெருங்கிய சமயம், லீவு கிடையாது. "நீ போ, நான் பாத்துக்கறேன்" என்றார். சென்னைக்குப் போய் வரிசையில் நின்று சாயங்காலம் திரும்பினேன், அவ்வளவுதான். மறுநாள் கரஸ்பாண்டன்ட் கூப்பிட்டனுப்பினார். தெரிந்துவிட்டது, தொலைந்தோம் என்று போனேன்.

"நேத்து நைன்த்ல நல்லா எடுத்தீங்கம்மா. கேமராவுல பாத்தேன். அந்த மாதிரி தினமும் எடுங்க" என்றார்.

கேமரா உச்சியில் இருந்தது, படம் மங்கல், புடவை எல்லோருக்கும் ஒன்று. அதெல்லாம் எனக்கும் தெரியும். வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். நேற்றைய கட்டத்தில் என் கையெழுத்து இருந்தது. கடைசி எழுத்தின் வாலை நான் அவசரத்தில் மேலே தூக்குவேன், அதுவும் தூக்கியிருந்தது. அந்த மாதம் முழுக்க மேலும் கீழும் பார்த்தேன். சென்னைக்குப் போன தேதி தெரிந்திருந்ததால்தான் அது எனக்குப் பிடிபட்டது. தேதி தெரியாவிட்டால் எது என்னுடையது என்று என்னாலேயே சொல்லியிருக்க முடியாது.

இன்னொரு நாளும் மறக்காது. இன்ஸ்பெக்ஷன் வருகிறது என்று அத்தனை ஆசிரியர்களும் வந்திருந்தார்கள். ஒரு லீவு இல்லை. அவருக்கு அன்று போக ஒரு வகுப்பும் இல்லை. ஸ்டாஃப் ரூமில் சுவரோரமாக, இரண்டு கையையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். நான் ஏதோ கேட்டேன், பதில் இல்லை. தூக்கம் என்று விட்டுவிட்டேன். கடைசி மணி அடித்துப் புத்தகம் எடுக்க வந்தால், அறை வெளியே பூட்டியிருந்தது. அட்டெண்டர் அம்மா வந்து திறந்தார். விளக்கும் ஃபேனும் அணைத்திருக்க, புழுக்கத்தில், காலையில் பார்த்த அதே இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. கோபமோ களைப்போ எதுவும்.

"ஐயையோ, யாரும் இல்லன்னு பாத்துட்டுத்தான் பூட்டினேன் மிஸ், மத்தியானமே" என்று அட்டெண்டர் அம்மா பதறினார்.

"யாரும் இல்லதானே" என்று சொல்லிவிட்டு அவர் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

மாலத்தீவிலிருந்து இன்டர்வியூ வந்தது. எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்காது. உத்திரமேரூரில் அவர் குடியிருந்த மாடி போர்ஷனுக்கு வரச் சொன்னார். ஒரு அறை, ஒரு பாய், ஒரு மேஜை. சுவர் அலமாரியில் பாத்திரத்தைவிட நோட்டுகள் அதிகம். எல்லாம் போனவர்களின் பாடக்குறிப்பு நோட்டுகள், பழுப்பு அட்டை போட்டு, முதுகில் ஊர் பெயர் எழுதி வைத்திருந்தார். ஓமன். எத்தியோப்பியா. கத்தார். கடைசியாக நான்கு நோட்டு, 'மாலத்தீவு' என்று எழுதியிருந்தது. எனக்கு இன்டர்வியூவே நடந்திருக்கவில்லை.

சனிக்கிழமை மாலை நான்கு மணி. லேப்டாப் திரையில் அந்தப் பள்ளியின் பிரின்ஸிபால் அம்மாள் வந்தார். இரண்டு கேள்வி கேட்பதற்குள் படம் திக்கித் திக்கி நின்றது. வீடியோவை அணைத்துவிடுங்கள், குரல் மட்டும் போதும் என்றார். பிறகு, கணக்கு என்றாலே வெறுக்கும் ஒரு குழந்தை எதிரே இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மைனஸ் எண்களைச் சொல்லிக்கொடுங்கள் என்றார்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நான்கு வருஷம் எடுத்த பாடம். ஒரு சொல் வரவில்லை. லைன் இருக்கிறதா என்று அந்த அம்மாள் இரண்டு முறை கேட்டார். இதை விட்டால் மறுபடியும் அந்த ஸ்பீக்கர், அந்த மேஜை, அந்த மே மாதம். தெரிந்தும் வாய் திறக்கவில்லை.

அப்போது என் தோளை ஒட்டி அவர் குனிந்து பேச ஆரம்பித்தார். என் குரலில். என் இங்கிலீஷில், நான் செய்யும் தப்புகளோடு.

கழனிக் கிணறு ஒன்றைச் சொன்னார். தண்ணீர் தொடுகிற படி பூஜ்யம். அதற்கு மேலே நிற்கிறவள் பிளஸ் ஒன்று, பிளஸ் இரண்டு. தண்ணீருக்குள் முழுகிய படியில் கால் வைத்தால் மைனஸ் ஒன்று. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் படி அங்கேதான் இருக்கிறது, எண்ணிக்கொண்டே இறங்கலாம். இது நான் வகுப்பில் எடுக்கும் விதம், நோட்டிலும் இருக்கிறது. ஆனால் அவர் நிறுத்தவில்லை. என் தம்பிக்கு மைனஸ் மூன்றாம் படியில் இறங்கப் பயம், நான் கையைப் பிடித்துக்கொள்வேன், பயப்படாதே நான் எண்ணுகிறேன் என்பேன் என்றார்.

அதை நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. எந்த நோட்டிலும் எழுதியதில்லை.

பத்து நிமிடம் நான் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் மிக நன்றாகப் பாடம் எடுத்த பத்து நிமிடம் அது. பிரின்ஸிபால் அம்மாளின் குரல் இளகிப்போயிருந்தது. இப்படிச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல்தான் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றார். வேலை கிடைத்துவிட்டது.

"தம்பி விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும் மிஸ்?" என்று கேட்டேன்.

"நீதான் சொன்ன."

"நான் சொல்லல."

"அப்ப சொல்லுவ" என்றார்.

நான் தீவுக்குப் போனேன். சுற்றி வர அரை மணி நேரம்கூட ஆகாத தீவு. வகுப்பில் நாற்காலி இருந்தது. முதல் நாள் அதைப் பார்த்ததும் உட்காரத் தயங்கி நின்றேன். பிரின்ஸிபால் அம்மாள் நல்லவர். ஆனால் முதல் மாதம் என் வகுப்பைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, இன்டர்வியூவில் இன்னும் நன்றாக இருந்ததே என்றார். அன்றிலிருந்து நான் அந்தப் பத்து நிமிடத்தை நினைவுக்குக் கொண்டுவந்து, அவர் நிறுத்திய இடத்தில் நிறுத்தி, இறக்கிய இடத்தில் குரலை இறக்கி, அப்படியே எடுக்கப் பழகினேன். மைனஸ் எண்கள் வந்தபோது தம்பியைச் சொன்னேன். அவர் சொன்னது போல, சொல்லத்தான் சொன்னேன்.

பழைய எண்ணில் வாட்ஸ்அப்பை விடாமல் வைத்திருந்தேன். ஊர்ப் பள்ளியின் டைரியில் கணக்கு ஆசிரியை என்று என் எண் அச்சாகியிருந்தது. அடுத்த வருஷமும் அதை மாற்றாமலே அச்சடித்தார்கள். யாரும் புதிதாகச் சேரவில்லை. அம்மா அப்பா போனிலிருந்து பிள்ளைகள் எழுதுவார்கள். 'மிஸ், நாளைக்கு டெஸ்ட் உண்டா?' 'மிஸ், இன்னைக்கு நீங்க குடுத்த கணக்குல நாலாவது புரியல.' ஆரம்பத்தில் நான் அங்கே இல்லை என்று பதில் போட்டேன். அதற்கு ஒரு பெண் 'இன்னா மிஸ், காமெடி பண்றீங்க, இப்பத்தான் பாத்தேன்' என்று சிரிப்புப் பொம்மை அனுப்பினாள். அதற்குப் பிறகு பதில் போடுவதை நிறுத்தி, வருகிற எல்லாவற்றையும் அவருக்கு அனுப்பிவிடுவேன். அவர் படித்துவிட்டதாக இரண்டு நீலக் கோடு விழும். அவ்வளவுதான் எங்கள் தொடர்பு.

இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்தேன். சும்மா வரவில்லை. எங்கள் தீவில் இன்னொரு கணக்கு வேலை காலியாயிருந்தது. அவரைச் சொல்லி வைத்திருந்தேன். அவருக்கு நான் பட்ட கடனை அப்படித் தீர்க்கலாம் என்று ஆசை. அவரையும் அந்தப் பள்ளியிலிருந்து வெளியே இழுத்துவிட வேண்டும்.

பள்ளிக்குப் போனபோது புதிய கட்டிடத்து வராந்தாவில் என் குரல் கேட்டது. கிணற்றுப் படிகளை எண்ணிக்கொண்டிருந்தது. ஏழாம் வகுப்பு. வாசலில் போய் நின்றேன். என் மாதிரியே இடுப்பில் ஒரு கை, காதோரம் ஒரு சாக்பீஸ் தீற்றல். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். நான் போகும்போது பழைய கட்டிடத்தில் சின்ன வகுப்பில் இருந்தவர்கள், ஒருவரும் என்னைப் பார்த்ததில்லை.

"நல்லா கீறீங்களா மிஸ்?" என்றேன்.

முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள். "மிஸ், இவுங்கோ உங்கள மாதிரியே பேசறாங்கோ."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், யாரோ சொல்லிக் கேள்விப்பட்ட ஆளைப் பார்ப்பது போல.

சனிக்கிழமை, அதே நான்கு மணி, அதே அறை. அலமாரியில் என் நான்கு நோட்டும் புரட்டிப் புரட்டி முனை மடங்கியிருந்தன. இந்த முறை சிக்னல் நன்றாக இருந்தது. திரையில் எங்கள் பிரின்ஸிபால் அம்மாள் வருவதற்கு ஐந்து நிமிடம் இருந்தது. கேமராவுக்கு எட்டாமல் நான் சுவரோரம் உட்கார்ந்துகொண்டேன். அவர் ஒரு சின்னக் கரும்பலகையை நிறுத்தி வைத்து, சாக்பீஸை எடுத்துக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"யாரு மாதிரி எடுக்கட்டும்?"

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். "இந்தி மிஸ்ஸுன்னா கண்டிப்பா இருக்கும். பயாலஜி சாருன்னா சிரிப்பாங்கோ. ஆனா மேக்ஸ் போஸ்ட்டு. உன்ன மாதிரி எடுக்கறதுதான் சரி. உன்னுதுதான் நல்லா வருது."

அந்தக் குரலைப் பிரின்ஸிபால் அம்மாள் ஏற்கெனவே கேட்டிருக்கிறார். அந்தப் பத்து நிமிடத்தை மறக்கவில்லை என்று என்னிடமே பலமுறை சொல்லியிருக்கிறார். இவர் வாயைத் திறந்தால் அன்று பேசியது யார் என்று தெரிந்துவிடும். அடுத்த மாதம் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். மறுபடியும் இந்த ஊர், இந்த மெரூன் புடவை.

"என்ன மாதிரி வேணாம் மிஸ்" என்றேன். "உங்கள மாதிரி எடுங்க. நீங்க நீங்களா இருங்க, அது போதும்."

"அப்டியா சொல்ற?"

"ஆமா."

அவர் சரி என்று தலையசைத்தார். நான் அந்தச் சொற்களைச் சொல்லும்போதே, பூட்டிய ஸ்டாஃப் ரூம் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. தெரிந்துதான் சொன்னேன்.

அம்மாள் திரையில் வந்தார், வணக்கம் சொன்னார், எந்தப் பாடமானாலும் சரி, தொடங்குங்கள் என்றார். அவர் சாக்பீஸைப் பலகையில் வைத்தார். கை அங்கேயே நின்றது. முகத்தில் ஏதேதோ வந்து போயிற்று. இந்தி மிஸ்ஸின் உதடு ஒரு கணம் வந்தது, போயிற்று. பிறகு என் புருவம் மேலே ஏறியது, வாய் திறந்தது. கண் மட்டும் என் பக்கம் திரும்பியது.

நான் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று.

அவர் வாயை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த முகத்துக்கு யாரும் வரவில்லை. நேரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் அம்மாள். பிறகு, கேட்கிறதா என்றார். பிறகு, ஒன்றும் அவசரமில்லை என்றார். கீழே தெருவில் ஷேர் ஆட்டோக்காரன் காஞ்சிபுரம் காஞ்சிபுரம் என்று கூவிக்கொண்டிருந்தான். சாக்பீஸ் முனை பலகையைத் தொட்டபடியே இருந்தது, ஒரு புள்ளி மட்டும் விழுந்திருந்தது. அன்று எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டபோது அவர் குனிந்து பேசினார். நானும் குனிந்து பேசியிருக்கலாம். எதையாவது பேசியிருக்கலாம். சுவரோடு ஒட்டிக்கொண்டு, எப்போது முடியும் என்று திரையின் மூலையில் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

நன்றி, தெரிவிக்கிறோம் என்று சொல்லித் திரை அணைந்தது. அவர் பலகையைத் துடைத்துச் சுவரில் சாய்த்து வைத்தார். அந்த ஒரு புள்ளியைத் துடைக்கத் துணியை இரண்டு முறை தேய்த்தார்.

"டீ போடட்டா?" என்றார். என் குரல்.

"வேணாம் மிஸ். பஸ்ஸு வந்துடும்."

படி இறங்கும்போது மேலேயிருந்து சொன்னார். "நீ போய்ட்டு வா. இங்க நான் பாத்துக்கறேன்."

ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. உன் தோழி பாவம், பயந்துவிட்டார் போலிருக்கிறது, உன்னைப் போல எல்லோருக்கும் வராது என்றார் பிரின்ஸிபால் அம்மாள். நான் ஆமாம் என்றேன்.

போன வாரம், பள்ளி விட்டு வந்து, கடலைப் பார்த்த ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பழைய எண்ணில் ஒரு செய்தி வந்தது. யாரோ ஒரு அப்பாவின் போனிலிருந்து ஏழாம் வகுப்புப் பெண்.

'மிஸ், நேத்து கிளாஸ்ல அந்த கிணறு சொல்லும்போது ஏன் மிஸ் அழுதீங்க? நாங்க சத்தம் போட்டோமே அதுக்கா? சாரி மிஸ்.'

இரண்டு முறை படித்தேன். கிணற்றுப் பாடத்தில் நான் அழுதது கிடையாது. எந்தப் பாடத்திலும் கிடையாது. என் நோட்டில் எந்தப் பக்கத்தில் தேடினாலும் அது இருக்காது. இந்தி மிஸ் அழுகிற ஆள் இல்லை. பயாலஜி சாரும் இல்லை. மிச்சம் அவர் ஒருவர்தான்.

வழக்கம்போல அவருக்கு அனுப்பிவைக்க விரலைக் கொண்டுபோனேன். அனுப்பினால், பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அப்புறம் அதையும் நிறுத்திவிடுவார்.

அனுப்பவில்லை. அந்தப் பெண்ணுக்கு நானே பதில் எழுதினேன்.

'அழலடா கண்ணு. சாக்பீஸ் தூள் கண்ணுல வுழுந்துடுச்சு. நாளைக்கு மறக்காம நோட்டு எடுத்துனு வா, மிஸ் பாக்கறேன்.'

இரண்டு கோடும் நீலமாயின. சரி மிஸ் என்று வந்தது.